நடு டிராயர்

கும்மிடிப்பூண்டி
2 மார்ச் 2025

அன்புள்ள ஆசீர்வாதம் அவர்களுக்கு,

டிசம்பர் நான்காம் தேதி மதியம் நீங்கள் என்னைப் போனில் கூப்பிட்டீர்கள். நாற்பத்தொரு நொடி பேசியிருக்கிறோம் என்று என் போன் சொல்கிறது. அந்த நேரத்தில் நான் உங்களிடம் என்ன சொன்னேன்? மூன்று மாதமாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்லூரியில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மாடிப்படி ஓரமாக நின்று பேசினேன். மழைச்சாரல் படிவரை அடித்தது. ஒரு மாணவி நனைந்துபோன ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். இதெல்லாம் நினைவிருக்கிறது. நான் பேசியது மட்டும் இல்லை.

போன புதன்கிழமை உங்கள் மனைவி மெர்சி நான் வாங்கிய, கண்ணாடியும் டிராயர்களும் வைத்த சைடுபோர்டு மேசையை டெம்போவில் அனுப்பிவைத்தார். உங்கள் புதுவாயல் பழைய மரச்சாமான் கடையைக் காலி செய்கிறார்களாம். "டீச்சரம்மா சாமான், அவங்களாண்ட சேத்துடு" என்று சொல்லியனுப்பினாராம். போலீஸ் தார்ப்பாயையும் பூச்சி மாத்திரைச் சாம்பலையும் எடுத்துக்கொண்டு, இதைத் தூக்க முடியாமல் படம் மட்டும் பிடித்துக்கொண்டு போனதாக டிரைவர் சொன்னார். ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இப்போது கூடத்தில் சுவரோரம் நிற்கிறது. எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. சமையலறையில் நின்றபடி சாப்பிடுகிறேன்.

முதன்முதலாக உங்கள் கடையில் இதைப் பார்த்தபோது நான் கண்ணாடியையும் பித்தளைக் கைப்பிடிகளையும் தடவிக்கொண்டிருந்தேன். "மூஞ்சப் பாத்து வாங்காதீங்கம்மா, முதுக திருப்பிப் பாருங்க" என்றீர்கள். பின்பலகையில் ரம்பக்கோடுகள் கோணலாக இருந்தன. கையால் அறுத்தது, ஈட்டி மரம், பெரம்பூர் ரயில்வே பங்களா ஒன்றிலிருந்து வந்தது என்றீர்கள். அதே பலகையில்தான் வண்டுத் துளைகளையும் மறைக்காமல் காட்டினீர்கள். ஊசியால் மண்ணெண்ணெய் ஏற்றிச் சரிசெய்ய இரண்டு மாதம் கேட்டீர்கள்.

பொங்கலுக்குள் வேண்டும் என்றேன். நெல் மூட்டைக்குப் போடும் மாத்திரையைப் போட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றேன். ஆரம்பாக்கத்தில் என் அண்ணன் கிடங்கிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஈரம் பட்டதும் அந்த மாத்திரையிலிருந்து எழும் நச்சு வாயு என்ன செய்யும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். வெட்டவெளியில் வையுங்கள், தார்ப்பாயால் மூடுங்கள், யாரும் கிட்டே போகக் கூடாது என்றெல்லாம் அன்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் மழை வந்தபின் சொன்னதுதான் நினைவில்லை.

நீங்கள் சிறையில் இருக்கிறீர்கள். பாலிஷ் போடும் மணிகண்டனின் மனைவி சோனியா உயிரோடு இல்லை. கடையின் பின்னறையில் ஜுரத்தோடு படுத்திருந்தவள், பக்கத்தில் இந்த சைடுபோர்டு இருந்ததால் செத்துப்போனாள். அன்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். எழுதுங்கள்.

நடு டிராயர் திறக்கவில்லை. மழையில் ஊதியிருக்க வேண்டும்.

ஈஸ்வரி

*

புழல்
20.3.2025

மதிப்புக்குரிய டீச்சரம்மாவுக்கு ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது. கர்த்தர் தயவால் சோறு இறங்குகிறது, தூக்கம்தான் பிடிக்கவில்லை. உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

உங்கள் லெட்டரைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்கள். இங்கே எல்லா லெட்டருக்கும் அப்படித்தான். இந்தத் தடவை படித்தவர் பாதியிலேயே மடித்துவிட்டு, "இன்னாய்யா, ஒரு மேசைக்கு இம்மாம் பெரிய லெட்டரா?" என்று கொடுத்துவிட்டார். அடுத்த தடவையும் அவரே இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகையால் போன் சங்கதி, டப்பா சங்கதி வேண்டாம். டப்பா நான் சந்தையில் வாங்கியது. போலீசில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மேசை சங்கதி எழுதுகிறேன். நடு டிராயரை இழுக்காதீர்கள், முகப்பு கையோடு வந்துவிடும். சித்திரை வெயிலில் ஊதின மரம் தானாக இறங்கும். அப்போது இரண்டு பக்க டிராயரையும் உருவிவிட்டு, உள்ளே கையை விட்டு, நடு டிராயர் ஓடுகிற சட்டத்தில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். அவசரப்படக் கூடாது. கடையில் விற்கிற ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள், பழைய அரக்குப் பாலிஷ் வெளுத்துப்போகும். தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து, பழைய வேட்டித் துணியால் மரத்தின் நாரோட்டமாகத் துடைத்தால் போதும். ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். எறும்புக்குப் பயந்து காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள், அதுவும் கூடாது.

பின்பக்கம் தரையில் கறுப்புக் காகிதம் விரித்துப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் விட்டது.

மெர்சி மாதம் இரண்டு தடவை மனு போட்டு வந்து பார்க்கிறாள். ஜாமீன் இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதம்

*

கும்மிடிப்பூண்டி
15 ஜூன் 2025

அன்புள்ள ஆசீர்வாதம் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி கறுப்பு சார்ட் காகிதம் விரித்தேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் தூள் விழுந்தது, கோலமாவு போல. விளக்கடித்துப் பார்த்தேன். பழைய துளைகள் உள்ளே கறுத்திருக்கின்றன. புதியவை மஞ்சளாக, வெட்டிய மரத்தின் நிறத்தில் இருக்கின்றன. அப்படிப் பதினோரு துளை. மாத்திரைக்குப் பிறகு வந்தவை. வண்டு சாகவில்லை.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

மருந்துக்கடையில் ஊசி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் ஏற்றி மெழுகால் அடைக்கிறேன். பழையது, புதியது சேர்த்து அறுபத்துமூன்று. நீங்கள் இரண்டு மாதம் கேட்டீர்கள். நான் தொடங்கி ஒன்பது வாரம் ஆகிறது. போன வாரமும் இந்த வாரமும் காகிதம் சுத்தமாக இருந்தது.

ஏப்ரலில் போலீசார் இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் போனில் என் எண் இருந்ததாம். சைடுபோர்டைத் தட்டிப் பார்த்து "நல்ல கட்டை மேடம்" என்றார்கள். அன்று என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள். சாமான் எப்போது தயாராகும் என்று பேசினோம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் போன பிறகுதான் நான் பொய் சொன்னது எனக்கே உறைத்தது. சாட்சிப் பட்டியலில் என் பெயரும் வருமாம்.

நடு டிராயர் இன்னும் இறுகித்தான் இருக்கிறது. வெயில் போதவில்லையோ, என் பொறுமை போதவில்லையோ.

ஈஸ்வரி

*

11.8.2025

டீச்சரம்மாவுக்கு,

இன்றைக்குக் கோர்ட்டில் வாய்தா. இந்த லெட்டரை மெர்சி கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை யாரும் பிரித்துப் படிக்கப் போவதில்லை, அதனால் மனம்விட்டு எழுதுகிறேன். நீங்களும் இனிமேல் அவள் கையிலேயே கொடுங்கள்.

வண்டு சாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முட்டை மரத்துக்குள் ஆழத்தில் இருந்தால் புகை எட்டாது. எனக்குத் தெரிந்த சங்கதிதான். நீங்கள் மாத்திரை என்றபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. படித்தவங்க சொல்கிறாங்களே என்று விட்டுவிட்டேன். எங்க நைனா உங்க ஆரம்பாக்கம் நிலத்தில் வரப்பு வெட்டினவர். உங்க வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் திருப்பிக் கேட்க மாட்டார். நான் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, ஆனாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நான் போனில் முதலில் சொன்னது: "மழ தார்ப்பாயக் கிழிச்சினு அடிக்குதும்மா, மேச நனையுது. உள்ள எட்த்துனு பூடட்டா?" அதற்கு நீங்கள் சொன்னீர்கள்: "பலகை ஊறிடும் ஆசீர்வாதம், முதல்ல உள்ள கொண்டு போங்க. தார்ப்பாயைப் பிரிக்காம அப்படியே தள்ளுங்க." அப்புறம் நான், "பின்னால ரூம்ல சோனியா..." என்று ஆரம்பித்தேன். "எக்ஸாம் நடக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். அவ்வளவுதான்.

நான் திரும்பப் போன் பண்ணியிருக்கணும். பண்ணவில்லை. மேசையைத் தள்ளி வைத்த குடோனுக்கும் சோனியா படுத்திருந்த அறைக்கும் நடுவில் இருந்தது பிளைவுட் தடுப்பு. மழைக்காக எல்லாக் கதவையும் சாத்தினோம். மணிகண்டன் பெஞ்சு டெலிவரிக்காகக் காட்டுப்பள்ளி போயிருந்தான். மூணு மணிக்கு சோனியா குரல் கொடுத்து, "அண்ணே, இன்னா பூண்டு வாசன வருது, பிரியாணியா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு முன்கடைக்குப் போய்விட்டேன். அந்த வாசனை என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவளுக்கு உங்க மேசைமேல் ஒரு கண்ணு. பாலிஷ் காயும்போது கண்ணாடியில் தலை வாரிக்கொள்வாள். "ஒத்த ஆளு, அக்கா எத்தினி தட்டுல துன்னுவாங்க, இத்தினி அறை கீது?" என்று கிண்டல் பண்ணுவாள். மாத்திரை போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கம்பெனி அடையாள அட்டையை நடு டிராயரில் போட்டு வைத்தாள், தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று. அதற்கப்புறம் எடுக்கவில்லை. மணிகண்டன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் படம் தனியாக வேறு எதிலும் இல்லையாம். டிராயர் திறந்தால் அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆசீர்வாதம்

*

கும்மிடிப்பூண்டி
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆசீர்வாதம் அவர்களுக்கு,

மெர்சி வாசலில் நின்றபடியே கடிதத்தைக் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. திறந்த கதவு வழியாக சைடுபோர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே நம்பவில்லை. நான் எதையும் உடனே நம்புகிறவள் இல்லை. என் குரலில் அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "பலகை ஊறிடும்." என் வார்த்தைதான். அதன் பிறகு "பின்னால" என்று நீங்கள் சொன்னதும் காதில் வந்தது. கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே வைத்திருக்கிறேன். இப்போது எல்லாம் நினைவிருக்கிறது.

டப்பா சந்தையில் வாங்கியது என்று போலீசிடம் ஏன் சொன்னீர்கள்? நான் உங்களிடம் கேட்கவில்லையே. இது எனக்குச் செய்த உபகாரம் என்றால், எனக்குத் தெரியாமல் என் தலையில் ஏற்றிய சுமையும்தான். இப்படி எழுதுவது நன்றிகெட்டதனம் என்று தெரிகிறது.

அண்ணன் குப்புராஜிடம் நேற்று சொன்னேன், கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. அந்த மாத்திரையை அவர் வாங்கிய விதமே முறையானதில்லை. அரைமணி நேரம் டி.வி. பார்த்தார். பிறகு, "நீ வாயத் தொறந்தினா மொதல்ல உள்ள போறது நானு. அப்பால நீ. அந்தாளே ஒன்னியுஞ் சொல்லாம கம்முனு கீறான், உனக்கு இன்னா பேஜாரு?" என்றார். அண்ணி உள்ளேயிருந்து நாஷ்டா எடுத்துவந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஓய்வுபெற இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. இதையும் நான் யோசிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈஸ்வரி

*

8.12.2025

டீச்சரம்மாவுக்கு,

இதையும் மெர்சி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சோனியா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இங்கே ஜெபக்கூட்டத்தில் அவள் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னேன்.

இலவச சட்ட உதவியில் எனக்கு ஒரு வக்கீலம்மா கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயசு, கெட்டிக்காரி. அவங்க சொல்வது இது. தெரிந்தே ஒரு பொம்பளை படுத்திருக்கிற இடத்தில் விஷத்தை வைத்தேன் என்பது கேஸ். அப்படியே போனால் பத்து வருஷம். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. விவரம் தெரிந்தவர் யாரோ உள்ளே கொண்டுபோகச் சொல்லி, அதை நம்பிச் செய்தேன் என்று தெரிந்தால் அது அஜாக்கிரதை கேஸாக மாறும், சீக்கிரம் வெளியே வரலாம். அந்த நாற்பத்தொரு நொடிமேல் அவங்களுக்குச் சந்தேகம். ஜனவரியில் உங்களைக் கூண்டில் வைத்துக் கேட்பாங்க. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சந்தை என்று சொன்னேன் என்று கேட்டீர்கள். ஸ்டேஷனில் முதல் அடி விழுந்தபோது உங்க பேர் வாயில் வந்தது, முழுங்கிவிட்டேன். அடி வாங்கிச் சொன்னால் அது காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். நீங்களாக வந்து சொன்னால் அது வேறே. அன்றிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோபம் எதுவும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை தேன்மெழுகு பூசுங்கள்.

ஆசீர்வாதம்

*

கும்மிடிப்பூண்டி
18 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள ஆசீர்வாதம் அவர்களுக்கு,

நாளை திருவள்ளூர் கோர்ட்டுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை அங்கே மெர்சியிடம் கொடுப்பேன்.

இன்று காலை பக்க டிராயர்களை உருவி, கையை விட்டு, மெழுகுவத்தியைத் தேய்த்தேன். எட்டாவது தடவை. பிற்பகல் மூன்று மணிக்கு நடு டிராயர் விட்டது. உள்ளே பச்சைத் துணி விரித்திருக்கிறது. ஒரு மூலையில் அட்டை இருந்தது, நீலக் கயிறு சுற்றி. சோனியா ம., ஒப்பந்தத் தொழிலாளி, பேக்கிங். படத்தில் புருவத்தைச் சுருக்கி, வெளிச்சம் கண்ணில் பட்டதுபோல் பார்க்கிறாள். அதை ஒரு உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சாட்சி சொல்லி முடித்ததும் மணிகண்டன் கையில் கொடுப்பேன்.

உங்கள் வக்கீல் கேட்கும்போது நான் சொல்லப் போவதை எழுதிப் பார்த்துக்கொண்டேன். நான்கு வாக்கியம். மாத்திரையை நான் கொடுத்தேன். வெளியே வைக்கச் சொன்னேன். மழை வந்ததும் உள்ளே கொண்டுபோகச் சொன்னதும் நான்தான். பின்னறையில் ஆள் இருப்பதை அவர் சொல்ல வந்தபோது நான் கேட்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். தடுமாறவில்லை.

நீங்கள் காத்திருந்ததற்கு நான் தாமதமாகத்தான் வருகிறேன். வந்துவிடுகிறேன்.

ஈஸ்வரி

19 ஜனவரி, திங்கள்

நேற்றைய கடிதத்தைக் கொடுக்கவில்லை. நடந்ததை இதன் கீழேயே எழுதுகிறேன். நீங்களும் அங்கே நின்றிருந்தீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் சைடுபோர்டு என்னுடையதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பிறகு உங்கள் வக்கீல் எழுந்தார். "டிசம்பர் நான்காம் தேதி மதியம் ஆசீர்வாதம் உங்களிடம் போனில் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றார். மூன்றாவது பெஞ்சில் குப்புராஜ் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

அவர் மறுபடியும், கொஞ்சம் நிதானமாகக் கேட்டார். "ஞாபகம் இல்லை" என்றேன். நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சில் ஏறியது. படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வராந்தாவில் போலீசார் உங்களை அழைத்துப் போகும்போது என் எதிரில் ஒரு நிமிடம் நின்றீர்கள். "டிராயர் தொறந்துச்சாம்மா?" என்று கேட்டீர்கள். "தொறந்துச்சு" என்றேன். "மெழுகு கொறஞ்சா திருப்பித் தேய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மெர்சி என்னைக் கடந்து உங்கள் பின்னால் போனார். மணிகண்டன் தூணோரம் சட்டைப்பையில் கையை விட்டபடி நின்றிருந்தார். பத்தடி தூரம்தான். அட்டை என் பையில் இருந்தது. அண்ணன் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அட்டையை நடு டிராயரில் வைத்துத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.